மழலையர் ஆசிரியைகளை உருவாக்கிய சூசன் புளோ

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றங்கரையோரத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பத்து வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனார்கள். மூன்றாண்டுப் படிப்பே அவர்களுக்குப் பெரிது. இதைக் கண்டு வருந்திய நகரக் கல்விக் கண்காணிப்பாளர் வில்லியம் டோரி ஹாரிஸ், பிள்ளைகளை இன்னும் இளம் வயதிலேயே பள்ளிக்கு அழைத்துவர விரும்பினார். அதற்கு வழி அமைத்தவர் சூசன் புளோ.

1843-ல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் சூசன். ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல் வகுத்த முறையில் நடந்த கிண்டர்கார்டன் எனும் மழலையர் பள்ளிகளை ஜெர்மனியில் பார்த்ததும் அவர் மனம் அதிலேயே நிலைத்தது. தனிப்பள்ளி அமைத்துத் தருவதாகத் தந்தை சொன்னார். மகளோ அரசுப் பள்ளியில்தான் நடத்துவேன் என்று உறுதியாக நின்றார். நியூயார்க்கில் மரியா கிரவுஸ்-பெல்ட்டேயிடம் ஃபிரோபெல் முறையைப் பயின்று செயின்ட் லூயிஸ் திரும்பினார்.

1873 செப்டம்பரில், அந்நகரின் அரசுப் பள்ளியான டி பேர் பள்ளியில் அவருடைய கிண்டர்கார்டன் வகுப்பு தொடங்கியது. குட்டி மேசைகள், பெஞ்சுகள், செடிகள், வண்ணக் கம்பளிப் பந்துகள், மரக் கனசதுரங்கள் எல்லாம் அங்கே இருந்தன. சம்பளம் வாங்காமலே சூசன் உழைத்தார்.

ஒரு வகுப்போடு நின்றிருந்தால் அது நல்ல மனம் படைத்த ஒருவரின் தொண்டாகவே முடிந்திருக்கும். 1874-ல் அவர் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிதான் அதை இயக்கமாக்கியது. பயிற்சிக்கு வந்த இளம்பெண்கள் வகுப்பில் துணையாசிரியைகளாகப் பிள்ளைகளோடு பழகினார்கள். கூடவே ஃபிரோபெலின் கோட்பாட்டையும் கற்றார்கள். பிள்ளைப் பாசம் இருந்தால் போதும், சின்ன வகுப்பை யாரும் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் உண்டு. பந்தை உருட்டும் குழந்தை எதைக் கற்கிறது என்று புரிந்துகொள்ளவும் படிப்பு வேண்டும் என்பதை அன்றே நிலைநாட்டினார் சூசன்.

பத்தே ஆண்டுகளில் நகரின் பொதுப்பள்ளிகள் அனைத்திலும் கிண்டர்கார்டன் வந்துவிட்டது. அவரிடம் பயின்ற எலிசபெத் ஹாரிசன், பின்னாளில் சிகாகோவில் ஒரு பயிற்சிக் கல்லூரியையே வளர்த்தெடுத்தார்.

1884-ல் உடல்நலம் குன்றிப் பொறுப்பிலிருந்து விலகினாலும் சூசன் எழுத்தை விடவில்லை. 1905 முதல் 1909 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் கற்பித்தார். விளையாட்டில் குழந்தைக்குக் கூடுதல் சுதந்திரம் வேண்டும் என்றார் அங்கே கற்பித்த பேட்டி ஸ்மித் ஹில். ஃபிரோபெல் வகுத்த விளையாட்டு வரிசையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றார் சூசன். காலம் பேட்டியின் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் ஐந்து வயதுக் குழந்தையின் விளையாட்டு ஒரு பல்கலைக்கழகம் விவாதிக்கும் பொருளாக உயர்ந்ததில் 1916-ல் மறைந்த சூசனுக்குப் பெரும் பங்குண்டு. மிகச் சிறிய பிள்ளைகளுக்குத்தான் மிகச் சிறந்த பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவை. அவர் வாழ்நாள் உழைப்பு நமக்கு வைக்கும் கோரிக்கை அதுதான்.