மின்னஞ்சலும் நம் குறிப்பேடும்

சங்கக் காரியாலயத்துக்குத் தபாலில் வரும் கடிதம் என்னவாகிறது என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். உறையைப் பிரித்ததும் வந்த தேதி முத்திரை குத்தப்படுகிறது, பதிவேட்டில் ஒரு வரி ஏறுகிறது, ந.க. எண் ஒன்று கிடைக்கிறது. பிறகு அது உரிய கோப்பில் சேர்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, “அந்த நூல் ஒதுக்கீட்டுக் கடிதம் எங்கே?” என்று நிர்வாகக் குழுவினர் கேட்டால், எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிச் சில நிமிஷங்களில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஆனால் அதே அங்கத்தினரின் சொந்தக் கைப்பேசிக்கு வரும் மின்னஞ்சலுக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை. அது நூற்றுக்கணக்கான விளம்பரங்களுக்கு நடுவே வந்து விழுந்து, ஒருமுறை படிக்கப்பட்டு, அங்கேயே கிடந்து போகிறது.

முன்பு இது பெரிய நஷ்டம் ஆகவில்லை. முக்கியமான காரியங்கள் யாவும் காகிதத்தில் நடந்தன. இன்று நிலைமை வேறு. வீரவநல்லூரில் செடிபுட்டாச் சேலை நெய்பவருக்கு வெளியூரிலிருந்து வரும் ஆர்டரும், பத்தமடையில் கோரைப்பாய் முடைபவருக்கு வரும் கண்காட்சி அழைப்பும், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் பயிரிடுபவருக்கு வரும் கடன் அனுமதியும் மின்னஞ்சலாகவே வரக் காண்கிறோம். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், திட்டம் ஏற்கும் உள்ளூர் இடர்களால் பயிர் சேதமுற்றால் 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது விதி. அறிவித்தோம் என்று காட்டும் ஒப்புகை கைவசம் இல்லையேல் வாதாடுவது கடினம். ஆகையால் அஞ்சற்பெட்டியில் வந்த கடிதத்தை எடுத்து, நாமே வைத்திருக்கும் குறிப்பேட்டுச் செயலியில் முறையாக ஏற்றி வைப்பது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இந்த வேலையின் தத்துவத்தை அறிய நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. தாமிரபரணியின் துணை நதியான சிற்றாற்றின் பக்கத்திலேயே, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில், ஜோஹோ நிறுவனம் 2011 முதல் ஓர் அலுவலகத்தை நடத்தி வருகிறது. அவ்வூர் அப்போது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. 2016-இல் வெளிவந்த ‘ஜோஹோ டெஸ்க்’ என்னும் மென்பொருள் இந்த அலுவலகத்தில் உருவானது. அது செய்யும் வேலை என்ன? வாடிக்கையாளர் அனுப்பும் மின்னஞ்சல் வந்து சேர்ந்த உடனே அதற்கு ஓர் எண் கொடுக்கிறது. அனுப்பியவர் பெயர், தேதி, பொருள் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் நிரப்புகிறது. யார் பொறுப்பு என்று குறிக்கிறது. அதே விஷயமாகப் பின்னர் வரும் பதில்களை அதே எண்ணின் கீழ்க் கோக்கிறது. நம் எழுத்தர் ந.க. எண் போட்டுச் செய்வதும் இதுவேயன்றோ! கடிதம் வேறு, பதிவு வேறு. கடிதத்தைப் பதிவாக்குவது ஒரு தனிச் செயல் என்பதை இது விளக்குகிறது. அந்த மென்பொருள் கம்பெனிகளுக்காகச் செய்யப்பட்டது. தனி மனிதருக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஆனால் காரியம் ஒன்றே.

தனி மனிதர் செய்யக்கூடிய வழிகள் மூன்று உண்டு. குறிப்பேட்டுச் செயலிகள் சில, ஒவ்வொருவருக்கும் ஓர் இரகசிய முகவரியைத் தருகின்றன. வேண்டிய கடிதத்தை அந்த முகவரிக்குத் திருப்பி அனுப்பினால் அது குறிப்பாக மாறி உட்கார்ந்துகொள்ளும். கைப்பேசி மட்டும் வைத்திருப்போர்க்கு இதுவே எளிது. இரண்டாவது, கணினியில் கடிதத்தை முழுக் கோப்பாக இறக்கி, அதைக் குறிப்புடன் இணைப்பது. ஜிமெயிலைக் கணினியில் திறந்தால் கடிதத்தின் பட்டியலில் அதனை இறக்கிக்கொள்ளும் கட்டளை இருக்கிறது. தண்டர்பேர்ட் என்னும் இலவச அஞ்சல் மென்பொருளிலும் அவ்வாறே சேமிக்கலாம். ‘இ.எம்.எல்.’ என்ற பெயர் வால் கொண்ட கோப்பு கிடைக்கும். மூன்றாவது, அஞ்சற்பெட்டி முழுவதையும் குறிப்பேட்டுக்குள் தானாகவே இழுத்துவரும்படி ஏற்பாடு செய்வது.

மூன்றாவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆற்றில் வருகிற தண்ணீரையெல்லாம் வயலுக்குத் திருப்புகிற விவசாயி எவரும் இல்லை. அணைக்கட்டும் தலைமதகும் எதற்காக இருக்கின்றன? பல்லாயிரம் கடிதங்கள் குறிப்பேட்டில் நிறைந்தால் அது இரண்டாவது அஞ்சற்பெட்டி ஆகுமேயன்றிக் குறிப்பேடு ஆகாது. வாரத்துக்கு ஐந்தாறு கடிதம் தேறினாலே அதிகம்.

முதல் வழியில் ஒரு குறை உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் காலத்தில் தபாலாபீஸில் போட்ட கடிதத்தின் உறைமேல், புறப்பட்ட ஊர் முத்திரையும் சேர்ந்த ஊர் முத்திரையும் விழும். வழக்கு வியாஜ்யம் அறிந்த பெரியவர்கள் கடிதத்தோடு உறையையும் சேர்த்துத் தைத்து வைப்பார்கள். மின்னஞ்சலுக்கும் அத்தகைய உறை ஒன்று இருக்கிறது. சாதாரணமாக அது கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்தெந்தக் கணினி வழியாக எத்தனை மணிக்குக் கடந்து வந்தது என்னும் வரிகள் அதில் உள்ளன. அனுப்பிய நிறுவனத்தின் கணினி இட்ட மின்முத்திரையும் பெரும்பாலும் இருக்கும். கடிதத்தை நாம் வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பினால், போய்ச் சேருவது நம் உறையிட்ட புதுக் கடிதமே. வாசகம் தங்கும், முத்திரை போய்விடும். திரையைப் படம் பிடித்து வைப்பதிலும், பி.டி.எஃப். ஆக அச்சிட்டு வைப்பதிலும் இதே குறை உண்டு.

முத்திரை எதற்கு என்று கேட்கலாம். மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம். அவற்றைக் கோர்ட்டில் சாட்சியமாக ஏற்பதற்குரிய முறையை இப்போது கூறுவது பாரதிய சாக்ஷ்ய அதிநியம். அது 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. அதன் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். கோப்பிலிருந்து கணக்கிட்டுப் பெறும் ‘ஹாஷ்’ என்ற எண்ணைச் சான்றிதழில் குறிக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பழைய சாட்சியச் சட்டத்தின் கீழேயே, இத்தகைய சான்றிதழ் கட்டாயம் என்று உச்சநீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. ஆகவே பணம், நிலம், காப்பீடு, ஒப்பந்தம் சம்பந்தமான கடிதங்களுக்கு இரண்டாவது வழியே தக்கது. மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். படிப்பதற்குரிய வாசகம் குறிப்பில் இருக்கட்டும். குறிப்பில் ஏற்றிவிட்டோமே என்று அஞ்சற்பெட்டியில் உள்ள மூலத்தை அழித்துவிடுவதும் கூடாது.

இனித் தமிழுக்கே உரிய சங்கடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களில் இதைப் பற்றி ஒரு வரியும் காண்பது அரிது. மின்னஞ்சல் பிறந்தபோது அது ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்கப் பழகியது. வலையமைப்பின் வழியே முதல் மின்னஞ்சலை ரே டாம்லின்சன் அனுப்பியது 1971-இல். பிற மொழி எழுத்துகளையும் படங்களையும் இணைப்புகளையும் ஏற்றிச் செல்லும் ‘மைம்’ என்ற விதி வகுக்கப்பட்டது 1992-இல். இந்த விதிப்படி தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் வேறு குறிகளாக மாற்றிக் கட்டப்பட்டே பயணம் செய்கின்றன. அவ்வாறு கட்டும் முறைகளில் ஒன்றின்படி ‘நெல்’ என்ற சிறு சொல் 36 குறிகளாக விரிந்துவிடும். அஞ்சல் மென்பொருள் கட்டை அவிழ்த்துத் தமிழாகக் காட்டுகிறபடியால் நமக்கு இது தெரிவதில்லை. ஆனால் மூலக் கோப்பை மட்டும் குறிப்பேட்டில் போட்டு வைத்துவிட்டு, பிறகு ‘நெல்’ என்று தேடினால் அகப்படாமல் போகலாம். கடிதம் இருக்கும், கண்ணுக்குப் புலப்படாது. எனவேதான் மூலத்தோடு, அவிழ்த்த தமிழ் வாசகத்தையும் நகலெடுத்து ஒட்ட வேண்டும் என்கிறோம்.

பழைய கடிதங்கள் வைத்திருப்போர்க்குச் சங்கடம் இன்னும் அதிகம். யூனிகோடு பரவலாவதற்கு முன் தமிழ் பல உருவங்களில் எழுதப்பட்டது. டிஸ்கி என்றொரு முறை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் முறைகள். ஆங்கில விசைகளின் மேலேயே தமிழ் உருவத்தை ஏற்றிய பாமினி போன்ற எழுத்துருக்கள். 2010-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் யூனிகோடை அங்கீகரித்த பிறகே அலுவலகக் கடிதங்கள் மெல்ல ஒரு வழிக்கு வந்தன. பாமினியில் எழுதிய கடிதத்தைக் குறிப்பேட்டுக்கு மாற்றினால் எழுத்துரு கழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரிசையாக நிற்கும். அது கெட்டுப்போன கடிதம் என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். எழுத்துரு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் வழியே யூனிகோடாக மாற்றி ஒட்டிக்கொள்ளலாம். சிறிது பொறுமை வேண்டும், அவ்வளவே.

சுற்றறிக்கைகள் பல இன்னும் கையொப்பமிட்ட காகிதத்தைப் படம் பிடித்தே அனுப்பப்படுகின்றன. எந்தச் செயலியும் அதனுள் உள்ளதை நம்பகமாகப் படித்துவிடும் என்று சொல்வதற்கில்லை. இதற்கு ஒரே மருந்து, குறிப்பின் தலையில் இரண்டு வரி நாமே எழுதுவது. யாரிடமிருந்து, எதைப் பற்றி, நாம் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் – இவ்வளவு போதும். எத்தனை உயர்ந்த செயலி வாங்கினாலும் இந்த இரண்டு வரிக்கு அது ஈடாகாது என்பது நம் அபிப்பிராயம்.

தேதி விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கடிதத்தின் உறையில் உள்ள நேரம் சில சமயம் கிரீன்விச் நேரக் கணக்கில் இருக்கும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பிந்தியது. ஜூன் 15 அதிகாலை 3 மணிக்கு நமக்கு வந்த கடிதம், அந்தக் கணக்கில் ஜூன் 14 இரவு 9.30 ஆகிவிடும். செயலி அதை மாற்றாமல் ஏற்றினால் குறிப்பில் முந்திய நாளின் தேதி விழும். 72 மணி நேரம் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய இடத்தில் இது சிறு விஷயமல்ல. ஏற்றியவுடன் தேதியை அஞ்சற்பெட்டியில் உள்ளதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எந்தச் செயலி நல்லது என்று கேட்போர்க்கு நாம் பெயர் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே போட்டதை முழுவதும் வெளியே எடுக்க வழி உண்டா? எவர்நோட் என்ற செயலி உலகமெங்கும் பலரால் நம்பப்பட்டது. 2022-இன் இறுதியில் அதை ஓர் இத்தாலியக் கம்பெனி வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் இலவசமாக உபயோகிப்போர்க்கு 50 குறிப்பு, ஒரே குறிப்பேடு என்று வரம்பு விதிக்கப்பட்டது. குறிப்புகளை வெளியே எடுக்கும் வசதி அதில் இருந்தபடியால், மற்ற செயலிக்குப் போக விரும்பியோர் போக முடிந்தது. அஞ்சற்பெட்டியும் சாசுவதமானதன்று. இரண்டு வருஷம் உபயோகிக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023-இல் விதி செய்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காகக் கணினி மையத்தில் முகவரி உண்டாக்கி, பின் அதை மறந்துவிட்ட அங்கத்தினர்கள் இதை மனத்தில் வைத்து, இன்றே ஒருமுறை உள்ளே சென்று பார்ப்பது நலம்.

நகல் எத்தனை வைப்பது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இப்பள்ளத்தாக்கில் மறந்தவர் இருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு திருநெல்வேலியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. தறிக்குழியில் நீர் நின்றால் நெசவு நிற்கும். பெட்டியில் நீர் புகுந்தால் பாஸ்புத்தகமும் பத்திரமும் பாழாகும். கைப்பேசியும் நனைந்தால் அப்படித்தான். ஆகையால் ஒரு நகல் வீட்டில் இருந்தால், இன்னொரு நகல் வேறு ஊரில் உள்ள மகனிடமோ மகளிடமோ, அல்லது இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். ஒரே வீட்டில் இரண்டு நகல் வைப்பது வெள்ளத்துக்கு ஒரு நகலே.

ஏற்றக் கூடாதவையும் உண்டு. ஒருமுறைக் கடவுச்சொல் வரும் கடிதங்கள், வங்கியின் இரகசிய எண்கள், ஆதார் அட்டையின் படம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் குவித்து வைத்தால், கைப்பேசியைத் திருடுவோனுக்கு வேலை மிச்சம். குறிப்பேட்டின் இரகசிய முகவரியை எவருக்கும் சொல்லக் கூடாது. தெரிந்தவர் எவரும் அதற்குக் கடிதம் அனுப்பி நம் குறிப்பேட்டை நிரப்பிவிடலாம்.

தலைப்பை எல்லாக் குறிப்புக்கும் ஒரே மாதிரி இடுங்கள்: முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள், அதன்பின் அனுப்பியவர், கடைசியில் விஷயம். ‘2025-06-15, கோ-ஆப்டெக்ஸ், சேலை ஆர்டர்’ என்பது போல. ஆண்டை முன்னால் போட்டால் குறிப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். மாதமோ நாளோ பத்துக்குக் குறைவாயின் முன்னே ஒரு சுழி சேர்க்க மறவாதீர்கள். இல்லையேல் பத்தாம் மாதம் இரண்டாம் மாதத்துக்கு முன்னே வந்து நிற்கும்.