34 நிமிடமா, ஒரு மணி நேரமா?

மாணவர்களே, வரைபடத்தில் சுபாங், பினாங்கு விமான நிலையங்களை அடிக்கோலால் இணையுங்கள். கோடு நம் பெஸ்தாரி ஜெயாவை ஒட்டியே போகும். கோலசிலாங்கூர் சற்று மேற்கே ஒதுங்கிவிடும். தூரம் சுமார் 280 கிலோமீட்டர். இறக்கைகளில் விசிறி சுழலும் ஏடிஆர் 72 விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பறக்கும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் 34 நிமிடம். அட்டவணையிலோ சுமார் ஒரு மணி நேரம்!

கணக்கு தவறில்லை. 500 என்பது உயரே சீராகப் பறக்கும்போது மட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதையின் திசைக்கேற்ப வளைந்து வருவதால் தூரமும் கூடும். தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் அட்டவணையில் சேர்த்தி. சோதனையில் இப்பயணத்தின் சராசரி வேகத்தைக் கேட்டால், 500 என்று எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள். நேர்க்கோட்டுத் தூரத்தை வைத்தால் மணிக்கு 280 கிலோமீட்டர்தான்.