ஒரு வாக்காளருக்கு 2 ரூபாய் 92 காசு

சென்னை மாநகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. ஒரு வார்டு வேட்பாளர் சட்டப்படி செலவிடக்கூடிய உச்சவரம்பு 90,000 ரூபாய். வாக்காளர் பட்டியலில் சுமார் 61.73 லட்சம் பேர் இருந்தனர்; வார்டுகள் 200. சராசரியாக ஒரு வார்டுக்கு 30,865 வாக்காளர்கள். வகுத்தால், ஒரு வாக்காளருக்கு 2 ரூபாய் 92 காசு.

இதை மற்ற தேர்தல்களோடு வைத்துப் பார்க்கலாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளருக்கான வரம்பு 30.8 லட்சம் ரூபாய். தமிழ்நாட்டின் 6.29 கோடி வாக்காளர்களை 234 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்கு 2.69 லட்சம் பேர். ஒருவருக்கு 11 ரூபாய் 46 காசு. 2024 மக்களவைத் தேர்தலில் வரம்பு 95 லட்சம் ரூபாய், 6.23 கோடி வாக்காளர்கள், 39 தொகுதிகள். ஒருவருக்கு 5 ரூபாய் 95 காசு. தெருவிளக்கையும் குப்பையையும் மழைநீர் வடிகாலையும் பற்றிப் பேச வேண்டிய தேர்தலுக்குத்தான் தலைக்கு மிகக் குறைந்த தொகை. சட்டமன்ற வரம்பில் அது நாலில் ஒரு பங்கு. வார்டு சிறியது, வேட்பாளர் நடந்தே முடித்துவிடலாம் என்ற எண்ணம் இந்த வரம்புக்குப் பின்னால் இருக்கலாம். சென்னையின் சராசரி வார்டு 2.13 சதுர கிலோமீட்டர்தான். பரப்பைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரி.

நேரத்தைப் பொறுத்தவரை சரியில்லை. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் நாள் பிப்ரவரி 7. பிரசாரம் பிப்ரவரி 17 மாலை முடிந்தது. இறுதிப் பட்டியலும் சின்னமும் கையில் இருந்தது 10 நாள். ஒரு வீட்டுக்கு 3 வாக்காளர் என்று வைத்துக்கொண்டால் சராசரி வார்டில் 10,288 வீடுகள். நாளுக்கு 1,029 வீடுகள். நாள் ஒன்றுக்கு 10 மணி நேரம் இடைவிடாமல் நடந்தாலும் ஒரு வீட்டுக்குக் கிடைப்பது 35 வினாடி. வணக்கம் சொல்லி, துண்டறிக்கையைக் கொடுத்து, சின்னத்தைச் சொல்வதற்கு அது போதும். எந்தச் சந்தில் கழிவுநீர் தேங்குகிறது என்று கேட்டுக்கொள்ளப் போதாது. பெரிய கட்சியின் வேட்பாளருக்கு வட்டச் செயலாளரும் பூத் பொறுப்பாளர்களும் உண்டு. அவர்கள் பல மாதம் முன்பே தெருக்களில் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். குடியிருப்போர் சங்கத்திலிருந்து தனியாக நிற்பவருக்கு அந்த 35 வினாடிதான்.

அந்த ஆண்டு சென்னையில் களத்தில் நின்றவர்கள் 2,670 பேர், வார்டுக்குச் சராசரியாக 13 பேருக்குச் சற்று அதிகம். எல்லாரும் வரம்பு முழுவதையும் செலவிட்டிருந்தால் மொத்தம் 24.03 கோடி ரூபாய். வாக்காளருக்கு 38 ரூபாய் 93 காசு. இது சட்டம் அனுமதித்த உச்சம். உண்மையில் எவ்வளவு செலவானது என்பதை இந்தக் கணக்கு காட்டாது.

வாக்குப்பதிவு 43.59 சதவீதம். 5,794 வாக்குச்சாவடிகளில், சாவடிக்குச் சராசரி 1,065 வாக்காளர்களுக்கு 464 பேர் வந்தார்கள். மொத்தத்தில் 26.91 லட்சம் பேர் வாக்களித்தனர், 34.82 லட்சம் பேர் வாக்களிக்கவில்லை. வாக்களித்த ஒவ்வொரு 100 பேருக்கும் வராதவர் 129 பேர்.

அதே நாளில் மாநிலம் முழுவதும் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளுக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்தது. மொத்தப் பதிவு 60.70 சதவீதம். பேரூராட்சிகளில் 74.68, நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22, சென்னையில் 43.59. உள்ளாட்சியின் அளவு பெருகப் பெருகப் பதிவு படிப்படியாக இறங்குகிறது. பேரூராட்சிக்கும் சென்னைக்கும் இடையே 31.09 புள்ளி வித்தியாசம். பேரூராட்சிகளின் 7,621 வார்டுகளை 490ஆல் வகுத்தால் ஊருக்குச் சுமார் 16 வார்டுகள். அங்கே வார்டு உறுப்பினர் பெரும்பாலும் முகம் தெரிந்தவர். சென்னையின் பதிவு குறைந்ததற்கு அலட்சியம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வீடு மாறியவர்களின் பெயர்கள் பட்டியலில் தங்கியிருப்பது பெருநகரங்களில் அதிகம். ஆனால் 10 மாதம் முன்பு நடந்த சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாவட்டத்தில் சுமார் 59 சதவீதம் பேர் வாக்களித்தனர். மாவட்டத்தின் 16 தொகுதிகளும் மாநகராட்சியின் 200 வார்டுகளும் ஒரே எல்லை கொண்டவை அல்ல. அதற்கு இடம்விட்டாலும் 15 புள்ளி இறக்கத்தைப் பட்டியல் பிழையால் மட்டும் விளக்குவது கடினம்.

ஒரு காரணத்தை மாதங்களில் அளக்கலாம். முந்தைய மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த தேர்தலை, 13 நாள் முன்பு, அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாமன்றம் பதவியேற்றது 2022 மார்ச் 2. இடையில் 64 மாதம் தனி அலுவலர் ஆட்சி. அரசமைப்புச் சட்டத்தின் 243U பிரிவு ஒரு மாமன்றத்துக்குத் தரும் முழு ஆயுளே 60 மாதம். ஆக, ஒரு முழுப் பதவிக்காலத்துக்கும் மேலாகச் சென்னைக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அந்த இடைவெளியில் 18 வயதான லட்சக்கணக்கான பேருக்கு வாக்காளராக ஒரு கவுன்சிலரை அணுகவே வாய்ப்பிருக்கவில்லை. இந்த நகரத்தின் குடிமை வாழ்வில் நடந்த பெரிய இழப்புகளில் இதையும் ஒன்றாகக் கருத வேண்டும்.

அந்த 64 மாதங்களுக்குள் சொத்து வரியும் ஒரு முறை உயர்ந்து இறங்கியது. சென்னையில் அதற்கு முந்தைய பொதுச் சீராய்வு 1998ல் நடந்தது. 20 ஆண்டு கழித்து, 2018 ஜூலையில், குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரையும் குடியிருப்பு அல்லாதவற்றுக்கு 100 சதவீதம் வரையும் உயர்த்த அரசாணை வந்தது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த 2019 நவம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 22 அன்று தேர்தல் முடிவுகள் வெளியாயின. ஆறு வாரத்துக்குள் புதிய உயர்வு அறிவிக்கப்பட்டது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011ல் இணைந்த பகுதிகளில் இதே அடுக்குகளுக்கு 25, 50, 75, 100 சதவீதம். பழைய பகுதியில் அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிவந்த 1,000 சதுர அடி வீடு 1,750 ரூபாய்க்குப் போனது. 2024 செப்டம்பரில் மாமன்றம் ஏற்ற 6 சதவீத உயர்வுக்குப் பிறகு அது 1,855 ரூபாய். வரியை உயர்த்தியது தவறு என்பது இங்கே வாதம் இல்லை. 24 ஆண்டுத் தேக்கத்தை எந்த நகராட்சியும் தாங்காது. சொத்து வரியைச் சீராய்வதை 15ஆவது நிதிக்குழு மானியத்துக்கான நிபந்தனையாகவும் வைத்திருந்தது. ஆனால் பிப்ரவரியில் வீட்டு வாசலில் நின்றவர்கள் ஏப்ரலில் வரப்போகும் இந்த 75 சதவீதத்தைப் பற்றி வாக்காளரிடம் பேசியிருக்க வேண்டும்.

இனி, வெற்றி பெற்றவர் கையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ஒரு கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி 50 லட்சத்திலிருந்து 60 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. 200 வார்டுகளுக்கு 120 கோடி ரூபாய். அதே அறிக்கையில் மாநகராட்சியின் வருவாய் வரவு 5,145.52 கோடி, வருவாய்ச் செலவு 5,214.09 கோடி, பற்றாக்குறை 68.57 கோடி ரூபாய். வார்டு நிதி பெரும்பாலும் கட்டுமானப் பணிகளுக்குப் போவது. ஆகவே அதை வருவாய்ச் செலவோடு நேராகச் சேர்க்க முடியாது. அளவுக்காக மட்டும் ஒப்பிட்டால் 2.3 சதவீதம். வருவாய்ச் செலவை வார்டுகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் வார்டுக்கு 26.07 கோடி ரூபாய். அதன் அருகே கவுன்சிலர் தாமே பரிந்துரைக்கக்கூடிய தொகை 60 லட்சம். வாக்காளருக்கு ஆண்டுக்கு 194 ரூபாய், நாளுக்கு 53 காசு.

இந்த 60 லட்சமும் ஆளுக்குச் சமமாகப் போவதில்லை. 2011ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 155 வார்டுகள் 200 ஆயின. பழைய நகரத்துக்கு 107, இணைந்த பகுதிகளுக்கு 93. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் பழைய நகரத்தில் 46.46 லட்சம் பேர். விரிந்த மாநகராட்சி முழுவதற்கும் 66.72 லட்சம். பழைய நகரத்தில் ஒரு கவுன்சிலருக்கு 43,421 பேர். இணைந்த பகுதிகளில் 21,785 பேர். கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. பிறகு வார்டு எல்லைகள் திருத்தப்பட்டன. என்றாலும் வார்டுக்கு ஒரே தொகை என்ற ஏற்பாடு மாறவில்லை. மக்கள் நெருக்கம் கூடிய வார்டில் ஒருவருக்கான பங்கு குறையும். குடிசைப் பகுதிகளும் நெரிசலான தெருக்களும் மிகுந்த வடசென்னையில் இதன் பாதிப்பு கூடுதலாக இருக்கும் என்பது என் கருத்து.

கவுன்சிலரின் மதிப்பூதியம் 2023 ஜூலை முதல் மாதம் 10,000 ரூபாய். 200 பேருக்கு ஆண்டுக்கு 2.4 கோடி, வருவாய்ச் செலவில் 0.05 சதவீதம். 90,000 ரூபாய் பிரசார வரம்பு 9 மாத மதிப்பூதியத்துக்குச் சமம். அதற்குமேல் செலவிட்டு வருபவர் அந்தப் பணத்தை எங்கிருந்து ஈட்டப்போகிறார் என்று கேட்க வாக்காளருக்கு உரிமை உண்டு.

மிச்சமுள்ள பெரும்பணம் மாமன்றத் தீர்மானங்கள் வழியாகவும் துறைகள் வழியாகவும் போகிறது. 2022ல் 200 இடங்களில் தி.மு.க. 153, காங்கிரஸ் 13, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் 4, விடுதலைச் சிறுத்தைகள் 4, ம.தி.மு.க. 2, இந்திய கம்யூனிஸ்ட் 1, முஸ்லிம் லீக் 1 சேர்ந்து கூட்டணிக்கு 178, அதாவது 89 சதவீதம். அ.தி.மு.க. 15, பா.ஜ.க. 1, அ.ம.மு.க. 1, சுயேச்சைகள் 5. எதிரே 22 பேர் மட்டும் உள்ள அவையில் எந்தத் தீர்மானமும் எண்ணிக்கையால் தோற்காது. எனவே ஒரு வட்டத்துப் பிரச்சினைக்கு உண்மையான விவாதம் நடக்க வேண்டுமென்றால் அது ஆளும் தரப்புக் கவுன்சிலர் வாய் திறப்பதைப் பொறுத்தது.

2025ல் இது சோதனைக்கு வந்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6 மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியார் நிறுவனத்துக்குப் போனது. அவை இரண்டிலும் சேர்த்து 30 வார்டுகள், நகரத்தின் 15 சதவீதம். ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் அமர்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அவர்கள் முன்வைத்த கணக்கு எளியது: இதுவரை மாதம் 22,590 ரூபாய், இனி 16,950. குறைவது 5,640 ரூபாய், ஊதியத்தில் 25 சதவீதம். ஆண்டுக்கு 67,680 ரூபாய். நம் வாசல் குப்பையை அள்ளுபவரின் வீட்டு வரவில் நாலில் ஒரு பங்கு போகும் முடிவு இது. அந்த 30 வார்டுகளின் வாக்காளர்களிடம் அது முன்கூட்டியே, எண்களோடு, வந்திருக்க வேண்டும்.

முன்கூட்டிக் கேட்பதற்கான இடத்தைச் சட்டம் தந்திருக்கிறது. 2022ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு வார்டு குழு உண்டு. சென்னை வார்டு 10 பகுதி சபைகளாகப் பிரிகிறது. மாநகரத்தில் 2,000 பகுதி சபைகள்; சபைக்குச் சராசரியாக 3,087 வாக்காளர்கள். முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று நடந்தன. கிராமசபை ஆண்டுக்கு 6 நாள் கூடும் என்பது ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். தங்கள் பகுதி சபை எது, அது எங்கே கூடுகிறது என்பது நகரத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதைப் படிப்பவர் தம் தெருவிலேயே விசாரித்துப் பார்க்கலாம்.

இப்போதைய மாமன்றத்தின் 60 மாதம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முன் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் அந்த 35 வினாடிக்குள் மூன்று எண்களைக் கேளுங்கள்: வார்டு நிதியில் எத்தனை லட்சம் எந்தத் தெருவுக்குச் செலவானது, பகுதி சபை எத்தனை முறை கூடியது, மாமன்றத்தில் இந்த வட்டத்துக்காக எத்தனை கேள்வி எழுப்பப்பட்டது. ஏற்கெனவே பதவியில் இருப்பவர் பதிலோடு வர வேண்டும். புதிதாக நிற்பவர் அந்த எண்களை விசாரித்துத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.