பூட்டிய கட்டடத்தில் பாய் விரிக்க இடமில்லையா?

கிராமத்தில் ஒருவருக்குக் கூரை சரிந்துவிட்டால் சித்தப்பா வீட்டுத் திண்ணை இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் ஊர்ச் சாவடி, கோயில் மண்டபம். எங்கள் காமயகவுண்டன்பட்டிப் பக்கமெல்லாம் இப்படித்தான். அதே ஆள் பிழைப்பைத் தேடி மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏறினால் பிளாட்பாரம்தான் கதி. வழிப்போக்கருக்கென்று ராணி மங்கம்மாள் சத்திரம் கட்டிய நாடு இது. இன்றைக்கு நகரத்தில் கட்டடத்துக்கா பஞ்சம்?

சகோதரிகளே, ஒரு கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். அவர்களில் 9 லட்சத்து 38 ஆயிரம் பேர் நகரவாசிகள். அதே கணக்கெடுப்பில் நகரங்களில் ஆளில்லாமல் கிடந்த வீடுகள் சுமார் 1 கோடியே 11 லட்சம்! அதாவது தெருவில் படுக்கும் ஒருவருக்குப் பதினோரு வீட்டுக்கு மேல் காலி. தனியார் வீட்டைத் திறந்து விடு என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகள் குறைந்து மூடிய பள்ளிக்கூடம், ஆபீஸ் வேறிடம் போனபின் சும்மா நிற்கும் சர்க்கார் கட்டடம் எல்லாம் நம் வரிப்பணத்தில் கட்டியவை அல்லவா?

சில வருஷங்களுக்கு முன் என் நாத்தனாருக்கு நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன். வார்டுக்குள் துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம். மாற்றாளாகப் போன நான் ஒன்பது ராத்திரி வெளி வராந்தாவில் படுத்தேன். பக்கத்தில் ஒரு வயதான அம்மா. அவருக்கு நோயாளி யாரும் கிடையாது. வீடு இல்லாததால் அங்கே வந்து படுப்பவர். சொம்பை நீட்டினால் வாங்க மாட்டார். "ஏன்க்கா, தாகமில்லையா?" என்று கேட்டேன்.

"ராத்திரி தண்ணி குடிச்சா ஒதுங்கணும் தாயி. எந்திரிச்சுப் போனா எடமும் போயிரும், பையும் போயிரும்" என்றார். எதிரே ஒரு பழைய கட்டடம், வாசலில் துருப்பிடித்த பூட்டு. "மழை பேஞ்சா அந்தப் படியிலதான் நிப்போம். உள்ள விட மாட்டாக."

இப்படித் தண்ணீரை ஒதுக்கி, சிறுநீரை அடக்கினால் நீர்க்கடுப்பும் தொற்றும் வரும் என்பதை நாம் அறிவோம். மாதவிலக்கு நாட்களில் துணியை அலசிக் காயப்போட இடமில்லாத பெண்ணின் பாட்டை நினைத்துப் பாருங்கள். காசநோய்க்கு மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். பையே திருடு போகிறவர் மாத்திரையை எங்கே வைப்பார்? தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். படுக்க ஓர் இடம் என்பது பாதி வைத்தியம்.

தில்லிக் குளிரில் தெருவாசிகள் இறந்ததை அடுத்து, 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று அடுத்தடுத்து உத்தரவுகள் வந்தன. 2013இல் வந்த மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம், ஓர் ஆளுக்கு 50 சதுர அடி இடம், குடிநீர், கழிப்பறை, சமையலறை என்று விதி வகுத்தது. இருக்கிற பொதுக் கட்டடத்தைச் செப்பனிட்டுப் பயன்படுத்தவும் அதில் இடமிருந்தது. சென்னையில் மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து ஆண், பெண், குழந்தை, முதியவர் என்று தனித்தனித் தங்குமிடங்களும், அரசு ஆஸ்பத்திரிகளை ஒட்டி நோயாளியின் துணைக்கு வருவோருக்கான இடங்களும் நடத்துகிறது.

முடியுமா என்று சந்தேகப்படுவோருக்கு 2020 பதில் சொல்லிவிட்டது. கொரோனா ஊரடங்கு வந்ததும் சென்னையில் பள்ளிக்கூடங்களும் சமுதாய நலக்கூடங்களும் சில நாட்களிலேயே தங்குமிடமாயின. இங்கிலாந்தில் காலி ஹோட்டல் அறைகளிலும் மற்ற இடங்களிலுமாகச் சுமார் 15 ஆயிரம் பேருக்கு இடம் கொடுத்தார்கள். அதே வருஷம் மத்திய அரசு, கட்டி முடித்தும் குடியேறாமல் கிடந்த அரசு வீடுகளை ஏழைத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடும் திட்டம் கொண்டு வந்தது. சண்டிகரில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் வீடுகள் அப்படித் திறந்தன. ஆனால் வாடகை கொடுக்க முடியாத அந்த அம்மாவுக்கு அது எட்டாது. அவருக்கு வேண்டியது இரவுத் தங்குமிடம்தான்.

பூட்டைத் திறந்தால் மட்டும் போதாது. 2001இல் ஏர்வாடியில் கொட்டகைக்குள் சங்கிலியில் கட்டி வைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை மறக்க முடியுமா? ஆகவே முதலில் சுவர், கூரை, மின்சார வயர் எல்லாவற்றையும் இன்ஜினியர் பார்க்க வேண்டும். வெளியேற இரண்டு வழி வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் பெண் காவலாளியும் அவசியம். பை வைக்கப் பூட்டுள்ள பெட்டி வேண்டும். புருஷன் பெண்டாட்டியைப் பிரித்தால் குடும்பங்கள் வரமாட்டார்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கு ஊருக்கு வெளியே மாளிகை கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். ராத்திரி வேலை பார்ப்பவர் பகலில் தூங்க வேண்டாமா? அதற்காகத்தான் 24 மணி நேரம்.

நம்மால் என்ன முடியும்? உங்கள் வார்டில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடம் எது என்று பாருங்கள். நாலைந்து பெண்களாகச் சேர்ந்து கவுன்சிலரிடமும் கமிஷனரிடமும் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கிக் கொள்ளுங்கள். தெருவில் ஆதரவில்லாமல் பெண்ணைப் பார்த்தால் 181, முதியவரானால் 14567, குழந்தையானால் 1098, சென்னையானால் மாநகராட்சிக்கு 1913. இந்த எண்களைக் காலண்டர் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தால் கூட்டிப் பெருக்கி யாருக்காவது பயன்படுத்துவதுதான் நம் வழக்கம். நகரத்தையும் அப்படி நடத்தச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.