சின்னமும் இணையதளமும் யார் பெயரில் இருக்கின்றன?

நம் சங்க உறுப்பினர்கள் பலர் இப்போது பருப்பு, மசாலாத்தூள், எண்ணெய் முதலியவற்றைச் சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். கடைக்கு ஒரு சின்னம் வேண்டும், இணையதளம் வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே. ஆனால் சின்னம் அழகாக இருக்கிறதா என்று பார்க்கும் நாம், அது யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பதில்லை. ஒரு சிறு குடோனை வாடகைக்கு எடுத்தால்கூடப் பத்திரம் எழுதுகிறோம். காலமெல்லாம் நம் சரக்கைச் சுமக்கப்போகும் பெயருக்கு மட்டும் வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

சின்னம் என்பது எழுத்துத் தெரியாதவரும் கேட்டு வாங்க உதவும் அடையாளம். ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்துக்காக ஆர்.கே. லக்ஷ்மண் 1954இல் வரைந்த ‘கட்டு’ என்ற குறும்புப் பையன், கையில் பிரஷ்ஷும் பெயிண்டுமாக, 2002 வரை அந்நிறுவனத்தின் அடையாளமாக இருந்தான். நாம் போடும் படமும் அப்படி ஒரே பார்வையில் மனத்தில் தங்க வேண்டும்.

நிறங்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிசைன் செய்யும் தம்பிகள் ஏழெட்டு நிறம் போட்டுக் காட்டுவார்கள். திரையில் நன்றாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் கவரை கிராவூர் முறையில் அச்சடிக்கும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். பாக்கெட்டின் அளவு மாறினால் பெரும்பாலும் மறுபடியும் சிலிண்டர் செலவுதான். ஆகவே இரண்டு, மூன்று நிறங்களில் முடிகிற சின்னமே சிறு வியாபாரிக்கு ஏற்றது. அதைக் கறுப்பு வெள்ளையில், பில்லின் தலைப்பில், தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் புரிந்தால் சரி. சிலிண்டருக்கு நாம் பணம் கொடுத்தாலும் அது அச்சகத்திலேயே இருக்கும். ‘சிலிண்டர் வாடிக்கையாளருக்குச் சொந்தம்’ என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அச்சகம் மாற நேரும் நாளில் அந்த ஒரு வரி உதவும்.

டிசைன் செய்தவரிடம் வெறும் படத்தை மட்டும் வாங்கி வரக்கூடாது. கோரல்டிரா போன்றவற்றில் செய்த மூலக் கோப்பையும் வாங்க வேண்டும். அதைப் பலகை அளவுக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு சிதறாது. தமிழ் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத வேறு கம்ப்யூட்டரில் நம் கடைப் பெயர் வாசிக்க முடியாதபடி மாறிவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காசு கொடுத்து வரையச் சொன்னோம், ஆகவே படம் நம்முடையது என்று நினைக்கிறோம். வெளி ஆளிடம் சின்னம் வரையக் கொடுத்தால், எழுத்து மூலமான ஒப்படைப்பு இல்லாதவரை பதிப்புரிமை வரைந்தவரிடமே இருப்பதாக வாதிட இடமுண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமையை ஒப்படைப்பவர் கையெழுத்திட்டு எழுத்து மூலம் தர வேண்டும் என்கிறது. அந்தத் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ சரக்கு அனுப்பும் எண்ணம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘உரிமைக்காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்’ என்று எழுதி, கொடுத்த தொகையையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத் தாள்தான். முன்பணம் கொடுக்கும்போதே கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். பெயர் பிரபலமான பிறகு கேட்டால் விலை வேறாகிவிடும்.

பதிப்புரிமை வேறு, வணிகக்குறி வேறு. பின்னது 1999ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டப்படி பதிவாவது. நமக்கு உரிய பதிவகம் சென்னையில் உள்ளது. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அரிசி, மாவு, மசாலா, காப்பி, தேயிலை 30ஆம் வகுப்பு. சமையல் எண்ணெய், நெய் 29. கடை வியாபாரம் 35. தனி நபருக்கும் சிறு தொழில் சான்று உள்ளவருக்கும் இணைய வழி மனுவுக்கு வகுப்பு ஒன்றுக்கு ரூ. 4,500 அரசுக் கட்டணம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ‘சுத்தம்’, ‘தரம்’ போன்று சரக்கின் குணத்தையே சொல்லும் பெயர்களுக்குப் பதிவு கிடைப்பது கடினம். பெயர் வைக்கும் முன்பே பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். நெடுங்காலமாக ஒரு பெயரில் விற்பவர்கள் பழைய பில்களையும் லேபிள்களையும் ஆண்டுவாரியாகக் கட்டி வையுங்கள். இன்னொருவர் பிந்தி வந்து அதே பெயரைப் பதிந்தாலும், முன்பிருந்தே பயன்படுத்தி வருபவரைச் சட்டம் காக்கிறது. அதற்குச் சான்று அந்தக் காகிதங்கள்தான்.

இணையதளத்திலும் இதே கேள்விதான். எங்கள் பக்கத்தில் ஒரு மசாலா வியாபாரி, தளம் அமைத்துக் கொடுத்தவரோடு பணத் தகராறு ஏற்பட்ட பிறகுதான் தள முகவரி அவர் பெயரில் பதிவாகியிருப்பதை அறிந்தார். பைகளிலெல்லாம் அச்சடித்த முகவரி அது! பதிவுதாரர் பெயர், மின்னஞ்சல், கைப்பேசி எண் மூன்றும் கடை உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். புதுப்பிக்கும் அறிவிப்பு அந்த மின்னஞ்சலுக்கே வரும். முகவரியை ஒரேயடியாக 10 ஆண்டுகள் வரை பதிய முடியும்.

முகவரி என்பது சாதாரண விஷயம் அல்ல. ‘சிஃபி’ என்ற பெயரை முன்பே பயன்படுத்தி வந்த சத்யம் இன்போவே நிறுவனம், அதை ஒத்த ‘சிஃபிநெட்’ முகவரியை வேறொரு நிறுவனம் வைத்துக்கொண்டபோது வழக்குத் தொடுத்தது. பெங்களூர் சிவில் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004இல் உச்ச நீதிமன்றம் தடையை மீண்டும் உறுதி செய்தது. இணைய முகவரிக்கும் வணிகக்குறிக்குள்ள பாதுகாப்பு உண்டு என்பது அத்தீர்ப்பு.

தளத்தின் வழியே பாக்கெட் சரக்கை விற்பவர்களுக்கு இன்னொன்று. நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் பெயர், முகவரி போன்ற விவரங்கள் பாக்கெட்டில் இருந்தால் மட்டும் போதாது. 2018 ஜனவரி 1 முதல் அவற்றைத் திரையிலும் காட்ட வேண்டும். விலை மாறும்போது லேபிளோடு தளத்தையும் திருத்த வேண்டும் என்பதால், அதற்கான கடவுச்சொல்லை வெளி ஆளிடம் மட்டும் விட்டுவைக்காமல் கல்லாவில் இருப்பவரும் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.