மஞ்சள் கம்பி

அக்கா மகன், சென்னை ரிச்சி தெருவிலிருந்து கம்ப்யூட்டர் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டே பைக்கில் காட்டுப்பள்ளி வரை வந்துவிட்டான். டீக்கடை பெஞ்சில் இறக்கி வைத்தவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "எஸ்எம்பிஎஸ் இதுகூடவே ஃப்ரீ மாமா. 450 வாட்டாம்."

ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு வேறு போடப்போகிறான். எனக்கு டீ இறங்கவில்லை. கேபினெட் கதவைக் கழற்றி, உள்ளே எல்லாவற்றுக்கும் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னேன். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 450. ஸ்டிக்கரில் எறும்பு எழுத்தில், 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே 16 ஆம்பியர்.

"ரெண்டையும் பெருக்குடா."

"192."

"அதான் வாட். மீதி எங்கே போச்சு?"

மீதியை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டிக் கணக்கை நிரப்பியிருந்தார்கள். அப்படியும் 450 வரவில்லை என்பது வேறு விஷயம். ஒரு காலத்தில் அந்த இரண்டு வரிகளுக்கும் வேலை இருந்தது. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது ப்ராசஸருக்கென்று தனியாக நாலு பின் 12 வோல்ட் இணைப்பு வந்தது. அதோடு பாரம் பெரும்பாலும் 12 வோல்ட் ஓடும் மஞ்சள் கம்பிக்கு மாறிவிட்டது. இன்றைக்கு ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் 12 வோல்ட்டை வாங்கித் தங்களுக்கு வேண்டிய ஒரு வோல்ட் சொச்சத்துக்குப் பக்கத்திலேயே குறைத்துக்கொள்கின்றன.

"12-ஐ மட்டும் பாத்தாப் போதுமா மாமா?"

"பழவேற்காடு முகத்துவாரம் எவ்ளோ அகலம்னு பாத்தா உங்கப்பா படகு விடறாரு? எங்கே ஆழம்னுதானே பாக்கறாரு?"

அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீ டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டோம். ஐ3 12100 ப்ராசஸர் அதிகபட்சம் 89 வாட். கார்டுக்கு 130. போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 50. ஆக 269. நல்ல கம்பெனி 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் வரியில் மட்டுமே 35 ஆம்பியரை ஒட்டி இருக்கும். அது போதும், 750 எல்லாம் வீண். 80 பிளஸ் முத்திரை 2004-இல் வந்தது. உள்ளே போகும் மின்சாரத்தில் 80 சதவீதமாவது வீணாகாமல் வெளியே வருகிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொன்னேன். அந்த வகையில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினாலும் பதறாது.

மாட்டுவதில் என் பட்டறிவு கொஞ்சம் செலவு வைத்தது. கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை ஒன்று வைத்திருந்தேன். ஒரு கேபிள் தொலைந்துபோக, வேறு பிராண்டு கேபிளைச் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டதும் ஹார்டு டிஸ்க் புகைந்தது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

கேபிள் மாறிப்போக இன்னொரு இடமும் உண்டு. ப்ராசஸருக்குப் போகும் கேபிளும் எட்டு பின், கார்டுக்குப் போவதும் எட்டு பின். முதலாவதில் மஞ்சள் நாலு, கருப்பு நாலு; இரண்டாவதில் மஞ்சள் மூணு, கருப்பு அஞ்சு. பிளாஸ்டிக் வாயின் வடிவமே தப்பானதை உள்ளே விடாது. அழுத்த வேண்டியிருந்தால் அது அந்த இடத்துக்கானது இல்லை. எல்லாக் கம்பியும் கருப்பாக வரும் புது மாடல்களில் கேபிள் முனையில் எழுதியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உப்பு தனிப் பிரச்சினை. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்துத் தினம் பத்துக் கோடி லிட்டர் தண்ணீரைச் சென்னைக்கு அனுப்பவென்று 2010-இல் திறந்த ஆலை இந்தக் காட்டுப்பள்ளியில்தான் இருக்கிறது. ஆனால் காற்றில் வரும் உப்பை யார் பிரிப்பது? கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே கேபினெட்டை வைத்தால் ஃபேன் அதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"மாமா, பழைய கம்ப்யூட்டரைத் தொட்டா ஜிவ்வுனு இருக்குமே, அதுவும் உப்பாலயா?"

இதைத்தான் அவன் முதலில் கேட்டிருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் வாசலிலேயே இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டியின் உடம்புக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து உடம்புக்கு. கசியும் துளி மின்சாரம் எர்த் வழியாக இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லையென்றால் 230-இல் பாதி வோல்டேஜ் உடம்பிலேயே நிற்கும், விரலில் ஜிவ்வென்று ஏறும். அந்தத் துளி ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே என்றாவது ஃபேஸ் கம்பி உடம்பைத் தொட்டுவிட்டால், காப்பாற்ற வேண்டியது பிளக்கின் மூன்றாவது பின்னான அந்த எர்த்தான். உப்பு மணலில் இறக்கிய எர்த் குழாய் துருப்பிடித்துப் போவதும் சீக்கிரம்.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனோம். மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, சுவிட்ச் போர்டைத் திறந்தேன். மூன்று ஓட்டை பிளக் பாயின்ட்டுக்குப் பின்னால் பச்சைக் கம்பி எதிலும் சேராமல், மடக்கி டேப் சுற்றி, அழகாக உள்ளே செருகப்பட்டிருந்தது.