மூடுபனிக்குள் ஒரு படம்

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிப் பிரிஞ்சாங் மலையில் ஏறினால், உச்சிக்கு அருகே பாசிக் காடு இருக்கிறது. அங்கே மரங்களின் வேர் முதல் கிளை வரை பாசி போர்த்தியிருக்கும். நேரில் அவ்வளவு அழகாக இருக்கும் அந்தக் காட்டைக் கைப்பேசியில் படமெடுத்தால், பல நேரங்களில் சாம்பல் நிறமாக, மங்கலாகத்தான் வருகிறது. ஏன்?

முதலில் மூடுபனியைப் புரிந்துகொள்வோம். 1,000 மீட்டர் உயரத்துக்கு வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. பிரிஞ்சாங் மலையின் உயரம் 2,000 மீட்டருக்குச் சற்று அதிகம். எனவே, சமவெளியில் 31 பாகை என்றால் உச்சியில் ஏறக்குறைய 18 பாகைதான். மலைச்சரிவில் மேலேறும் ஈரக்காற்று குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாக மாறுகிறது. தரையைத் தொட்டபடி மிதக்கும் மேகம்தான் அந்த மூடுபனி.

இத்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிக்கின்றன. மூடுபனி வெண்மையாகத் தெரிகிறது. கேமராவோ, எந்தக் காட்சியும் நடுத்தர வெளிச்சம் கொண்டது என்று வைத்துக்கொண்டு ஒளியைக் கணக்கிடுகிறது. வெள்ளைக் காட்சியைக் கண்டதும் வெளிச்சம் அதிகம் என நினைத்துக் குறைத்துவிடுகிறது. வெண்மை சாம்பலாகிறது. பல கைப்பேசிகளில் திரையைத் தொட்டால் சூரியக் குறி ஒன்று தோன்றும். அதைச் சற்று மேலே நகர்த்துங்கள். பிளாஷ் வேண்டாம், அதன் ஒளி அருகிலுள்ள துளிகளில் பட்டு உங்களிடமே திரும்பி வரும்.

அடுத்த சிக்கல் வெளிச்சக் குறைவு. மரங்களுக்கு அடியில் கேமரா அதிக நேரம் ஒளியைச் சேகரிக்க வேண்டும். அதற்குள் கை நடுங்கினால் படம் கலங்கிவிடும். நடைபாதையின் கைப்பிடியில் கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்து, சில வினாடிகள் தாமதமாக எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, ஈரம். குளிர்ந்த மைலோ ஐஸ் குவளையின் வெளிப்புறத்தில் நீர் துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிரூட்டிய காரில் வந்து, சமவெளியில் இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுத்தால் லென்சுக்கும் அதே கதிதான். காரில் இருக்கும்போதே அதை நெகிழிப் பையில் இறுக்கமாக மூடிவையுங்கள். வெளியில் வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள்.

இவ்வளவு சிரமத்துக்கும் பலன் உண்டு. தூரத்து மரத்துக்கும் நமக்கும் இடையே அதிக நீர்த்துளிகள் இருப்பதால் அது வெளிறித் தெரியும். அருகிலுள்ள மரம் கருமையாகத் தெரியும். மூடுபனி சற்று விலகும்வரை பொறுமையாக நின்றால், அடுக்கடுக்காக ஆழம் கொண்ட காடு ஒரே படத்தில் கிடைக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. முதன்முறை அங்கே போனபோது, பூச்சியுண்ணும் கெண்டிச் செடியை நெருக்கத்தில் எடுக்க ஆசைப்பட்டு, நடைபாதையைவிட்டு இறங்கினேன். கணுக்கால் வரை பாசிக்குள் புதைந்தது. காலை எடுத்ததும் அந்தக் குழியில் நீர் நிறைந்தது. மூடுபனியிலிருந்தும் மழையிலிருந்தும் பாசி சேமித்து, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விட வேண்டிய நீர் அது. மிதிபட்ட பாசி மெதுவாகத்தான் மீண்டும் வளரும். மறு ஆண்டு போனபோதும் அந்தப் பள்ளம் மூடவில்லை. நான் எடுத்த படமோ, தெளிவாகக்கூட வரவில்லை.

எனவே, நடைபாதையிலேயே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் அதே இடத்தில் நின்று, அதே திசையில் படமெடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். பனிப்பாறைகள் உருகிச் சுருங்குவதை அறிவியலாளர்கள் இப்படித்தான் பழைய படங்களோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். பாசி தழைக்கிறதா, குறைகிறதா என்பதை உங்கள் படங்களும் சொல்லும்.